ஒட்டுக்கட்டு

“ஒட்டு இன்னும் சேரலைம்மா. இன்னும் ஒரு பருவம் போகட்டும்” என்றார் தோட்ட மேஸ்திரி தெருயுகி, மேப்பிள் கிளையில் சுற்றியிருந்த கட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு.

அது பொய். ஒட்டு சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

“ஆனை குட்டி போடவே இருபத்திரண்டு மாசம்தான் மேஸ்திரி. உங்க கைக்கு மூணாவது வருஷம் நடக்குது” என்றாள் ஹிசானோ. சொல்லிவிட்டு, மூன்று மணித் தேநீர் எடுத்துவர உள்ளே போனாள்.

மத்சுமோத்தோ ஊரில் தோட்டக்காரருக்கு மூன்று மணித் தேநீர் எந்த வீட்டிலும் உண்டு. ஆனால் கூடவே நோசவானாக் கீரை ஊறுகாயைத் தட்டு நிறைய வைத்து, அது தீரும்வரை எதிரே உட்கார்ந்து பேசுகிற வீடு அவருக்கு இது ஒன்றுதான். மனைவி இறந்தபின் மாதத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களைக் கழித்தார். சில நாள் வேலை இல்லாமலே வண்டியை இந்தத் தெரு வழியாக விட்டு, மதில்மேல் தெரியும் சிவப்பு மேப்பிளின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

மகள் கனாயே பிறந்த வாரம் ஹிசானோ நட்ட மரம் அது. இப்போது மகள் தூரத்து ஃபுகுவோகாவில் இருக்கிறாள்; தனியாக இருக்கும் அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். ஹிசானோ வைத்த நிபந்தனை ஒன்றே: மரமும் வர வேண்டும்.

நாற்பது வருட மரத்தின் வேர் மதிலுக்கு அடியில் போய்விட்டது. தோண்டினால் செத்துவிடும். விதை போட்டால் பெரும்பாலும் பச்சை இலைதான் வரும். குச்சியை வெட்டி ஊன்றினால் அதுவும் சுலபத்தில் வேர்விடாது. அதனால் தெருயுகி வேறு வழி சொன்னார். தொட்டியில் வளர்ந்த பச்சை மேப்பிள் ஒன்றைப் பலகைமேல் ஏற்றி, சிவப்பு மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இரண்டிலும் விரலளவு பட்டையைச் சீவினார். காயத்தோடு காயத்தைச் சேர்த்துக் கட்டி, ஈரப்பாசி சுற்றி, கறுப்பு நார்க்கயிற்றால் இறுக்கினார். கிளை தாய்மரத்திலேயே நீர் குடித்துக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு காயமும் மெல்ல ஒரே உடம்பாகும். ஒரு வருடம் கழித்து ஒட்டுக்குக் கீழே, தாய்மரத்துப் பக்கமாக, கிளையை அறுத்தால், பச்சை வேர்மேல் சிவப்பு மரம். தாயைப் பிரியும் முன்பே புது வேரைப் பழக்கிவிடுகிற வேலை.

சேர்ந்ததா என்று அறியப் பாசியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்தால் ஒட்டின் வீக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் முதல் வருடம் முடிந்தபின் தெருயுகி கட்டைப் பிரிக்கவே இல்லை. மேலாக அழுத்திப் பார்ப்பார், இன்னும் ஒரு பருவம் என்பார். அவளும் தினமும் பாசிக்குத் தண்ணீர் தெளித்துவந்தாள்.

நவம்பரில் அவர் வந்தபோது வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை கனாயே வருகிறாளாம். மரம் தயாரோ இல்லையோ, இந்த முறை அம்மாவை அழைத்துக்கொண்டுதான் போவாளாம். தட்டில் ஊறுகாயை வைத்தபடியே ஹிசானோ இதையெல்லாம் சொன்னாள்.

தெருயுகி தேநீரைத் தொடவில்லை. அவள் போகப்போவது நிச்சயம். மரமும் இல்லாமல் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

“நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றார். “போன வருஷமே சேர்ந்திருக்கும். அறுத்துக் கொடுத்தா நீங்க போயிடுவீங்க. அதான் பிரிக்கலை. இப்பவே அறுத்துத் தர்றேன்.”

அவர் தோட்டத்தில் இறங்கி, நார்க்கயிற்றை அறுத்து, பாசியைப் பிரித்தார். ரம்பத்தை எடுத்தவர் அப்படியே நின்றார்.

அறுக்க எதுவும் இல்லை. ஒட்டுக்குக் கீழே கிளை ஏற்கெனவே அறுபட்டிருந்தது. வெட்டுவாய் காய்ந்து கறுத்து, ஓரத்தில் புதுப்பட்டை சுருண்டு மூடத் தொடங்கியிருந்தது. குறைந்தது ஒரு வருடப் பழைய வெட்டு.

பின்னால் ஹிசானோவின் குரல் நிதானமாக வந்தது.

“போன வருஷம் ஜூன்ல, பொறுக்க முடியாம நானே பிரிச்சு அறுத்துப் பாத்துட்டு, பழையபடி கட்டி வச்சேன் மேஸ்திரி. இலை வாடவே இல்லை. அடுத்த மாசம் நீங்க வந்து, இன்னும் ஒரு பருவம் போகட்டும்னு சொன்னீங்க. எனக்கும் அதுவே சரின்னு பட்டுது. கட்டு நெகிழாம நானும் பாத்துக்கிட்டேன்.”