மூன்று குரல் பெட்டி
அலுவலக ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயில் டிவி திரையைப் பாதி வெளுக்க வைக்கிறது. கடைத்தெரு விளையாட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நிற்கும் வீடியோ கேம் மெஷினின் பாட்டை, வீட்டு டிவியில் மாட்டும் இந்தச் சோப்பு டப்பா அளவுப் பெட்டிக்குள் அடக்க அக்கா நாலு மாதமாக மல்லுக்கட்டியிருக்கிறாள். பெட்டியில் ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்தான் வரும். ட்ரம்முக்கு இடமே இல்லை, மனசில்லாமல் விட்டுவிட்டாள். நாளைக்கு இது தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். பெரிய மெஷினைப் பத்து வருஷமாகப் பழுது பார்க்கும் தம்பியை அதனால்தான் வரவழைத்திருக்கிறாள். அவன் காதுக்கு எதுவும் தப்பாது. ஸ்க்ரூடிரைவரைக் காதோரம் செருகிக்கொண்டு அவன் கண்ணை மூடுகிறான். நூல் மாதிரி மெலிந்த மூன்று ஒலிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. திரையில் துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் ஒன்று அந்தச் சத்தத்துக்கு இடம்விட்டு அறுந்து மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அக்கா நகத்தைக் கடிக்கிறாள். பாட்டு முடிகிறது. "எப்படிடா இருக்கு?" "அப்படியே இருக்குக்கா. ட்ரம்தான் கொஞ்சம் தூக்கலா இருக்கு, குறைச்சிடு." அவள் மறுபடி ஓடவிடுகிறாள். ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இருக்கும் வெறுமையில், கண் திறக்காத தம்பியின் விரல் காற்றில் தட்டுகிறது, இம்மி பிசகாமல். அக்காவுக்கும் இப்போது கேட்கிறது.