அக்காவுக்குத் துணை

"நீயும் அந்த டெஸ்ட்டுக்குப் படுத்தாத்தான்டா நான் படுப்பேன். இல்லேன்னா இப்பவே ஊருக்கு பஸ் ஏறிடறேன்" என்றாள் அக்கா.

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் தலையை மட்டும் வெளியே நீட்டினான். கன்னமெல்லாம் கிரீஸ்.

"ஏங்க்கா, ஆஸ்பத்திரி என்ன சினிமாக் கொட்டகையா, ஜோடியாப் போய் உக்கார? உனக்குச் சொன்ன டெஸ்ட்டை நான் எதுக்கு எடுக்கணும்?"

"பின்பக்கமா குழாய் விட்டுக் குடலைப் பாப்பாங்களாம்டா. நினைச்சாலே கை கால் உதறுது. நீ முன்னாடி போயிட்டு வந்து ஒண்ணுமில்லன்னு சொல்லு. நான் கண்ணை மூடிக்கிட்டுப் போயிடறேன்."

டீ கொண்டுவந்த அவன் மனைவி சிரித்தாள். "யார்கிட்ட கேக்கறீங்க அண்ணி? ஊசின்னு காதுல விழுந்தாலே அடுத்த தெருவுக்கு ஓடற ஆளு இவரு."

அது போதும். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருடி ஓடறது? நாளன்னைக்கே போறோம். கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு இது. நல்லா பாத்துக்கட்டும்!"

உண்மையில் ரோஷம் மட்டும் காரணமில்லை. சில மாதமாகவே அவனுக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலமாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே வைத்தியனாகி, மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கி டூல்ஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அப்பாவும் இப்படித்தான். வயிற்றுவலிக்கு மாத்திரையை விழுங்கியே காலத்தை ஓட்டினார். தூக்கிக்கொண்டு ஓடியபோது எல்லாம் கைமீறிவிட்டது. என்ன நோய் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குத் துணை போகிற சாக்கில் தன் பயத்தையும் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவன் கணக்குப் போட்டான். ஒருத்திக்கும் தெரியப்போவதில்லை.

டெஸ்ட்டுக்கு முதல்நாள் சாயங்காலம் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஆளுக்கொரு ஜக்கோடு உட்கார்ந்தார்கள். வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கழிவறை. அக்கா பெருந்தன்மையாக, "நீ போடா, நீ போடா" என்று ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தான்.

"இதுக்கு லாரி இன்ஜினை ஒத்தைக் கையால தூக்கிடலாம்" என்று முனகினான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் கொடுத்த பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத் திறப்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி அவன் வந்து நின்றான்.

"இதைத் தைச்சவனுக்குத் துணி பத்தலை போலிருக்கு" என்றான். அக்கா சிரிக்கட்டும் என்றுதான் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

உள்ளே டாக்டரம்மா கேட்டார். "மலத்தோட ரத்தம் ஏதாவது போகுதா? மறைக்காம சொல்லுங்க."

அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போகுது மேடம். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே பயந்து நடுங்கிட்டு இருக்கா."

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார்.

ஊசி போட்டது தெரிந்தது. அதற்குப்பின் எதுவும் தெரியவில்லை. கண் விழித்தபோது கட்டிலருகே அக்காவும் டாக்டரம்மாவும் நின்றிருந்தார்கள்.

"குடல்ல ரெண்டு இடத்துல காளான் மாதிரி சதை வளர்ந்திருந்தது. குழாய் வழியாவே அறுத்து எடுத்துட்டோம்" என்றார் டாக்டரம்மா. "லேபுக்கு அனுப்பியிருக்கு. பார்வைக்குக் கெட்டதாத் தெரியலை. ஆனா விட்டு வச்சிருந்தா சில வருஷத்துல புற்றுநோயா மாறியிருக்கலாம். நல்ல சமயத்துல வந்தீங்க. சிகரெட் பிடிப்பீங்கன்னு அக்கா சொன்னாங்க, இனிமே அதைத் தொடக் கூடாது. சொல்ற நேரத்துக்கு மறுபடி வந்து காட்டணும்."

தப்பித்தோம் என்ற நினைப்பில் அவன் கண்கள் கலங்கின. அக்கா பார்த்துவிடப் போகிறாளே என்று அவசரமாக வீறாப்பை வரவழைத்துக்கொண்டான்.

"பாத்தியாக்கா? எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இதுக்குப் போய் அந்த நடுங்கு நடுங்கினியே! கிளம்பு, உன் முறை. நான் வாசல்லயே உக்காந்திருக்கேன், பயப்படாதே."

அக்கா நகரவில்லை. டாக்டரம்மா அவளைப் பார்த்து, "இன்னும் சொல்லலையா நீங்க?" என்றார்.

"நீங்களே சொல்லிடுங்க டாக்டர்."

"உங்க அக்காவுக்கு இன்னைக்கு டெஸ்ட்டே கிடையாது. கர்ப்பப்பை ஆபரேஷன்னு போன வருஷம் உங்ககிட்ட சொன்னாங்களாமே, அன்னைக்கு நான் எடுத்தது அவங்க குடல்ல இருந்த புற்றுநோயை. இப்ப நல்லா இருக்காங்க. கூடப் பிறந்தவங்களையும் பாக்கணும்னு சொல்லி அனுப்பினேன்."

அவன் அக்காவைப் பார்த்தான்.

"உண்மையைச் சொல்லியிருந்தா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதிருப்பே" என்றாள் அவள், அவன் போர்வையை இழுத்துவிட்டபடி. "இங்க வந்து படுத்திருக்க மாட்டேடா!"