கோட்டைக் கதவைத் திறந்தவன்

"எவாந்தியாவைக் குழுவை விட்டு அனுப்பணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

லெஃப்டெரிஸ் சொல்லி வாயை மூடவில்லை, கிரீஸ் நாட்டுத் தெசலோனிக்கி நகரின் அந்தக் காபிக் கடை மாடியில் அத்தனை கையும் மேலே போய்விட்டது. எவாந்தியா மட்டும் ஃப்ராப்பே காபி கிளாஸில் ஸ்ட்ராவைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் 'சாம்பல் மகுடம்' என்ற வீடியோ கேமின் ரசிகர்கள். இதுவரை ஏழு பாகம் வந்தாகிவிட்டது. இவர்களுக்கும் வயசு நாற்பதைத் தொட்டாகிவிட்டது, சிலருக்குத் தலையில் முடிகூட இல்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் போதும், ராணி ஏன் இடது கையில் மோதிரம் போட்டாள், துருப்பிடித்த வாளுக்கு என்ன அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். வெட்டி வேலை என்று தோன்றும். அவர்களுக்கு அதுதான் உயிர்.

பெரிய சண்டை ஓரனைப் பற்றித்தான். ஓரன் ஒரு கோட்டைக் காவலன். எதிரிப் படை வந்த அன்று கதவைத் திறந்துவிட்டவன். ஏன் திறந்தான் என்று எந்தப் பாகத்திலும் சொல்லவில்லை.

"பொன் வாங்கிட்டுத் திறந்தான். பச்சைத் துரோகி" என்பது எவாந்தியாவின் கட்சி.

"உள்ளே மாட்டிக்கிட்ட குழந்தைங்களை வெளியே அனுப்பத் திறந்தான். அவன் தங்கம்டி" என்பது ஸ்டமாட்டிஸின் கட்சி.

ஆதாரம்? மூன்றாம் பாகத்தில் கிடைக்கும் ஒரு சாவி. அதன் கீழே ஒரே ஒரு வரி: 'விடியுமுன் திருப்பப்பட்டது.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டார்கள். ஒருமுறை பேச்சுவார்த்தையே நின்றுபோய், ஈஸ்டருக்குச் சாயம் பூசிய சிவப்பு முட்டைகளை வழக்கம்போல மோதி உடைக்கும்போதுதான் ராசியானார்கள்.

எட்டாம் பாகம் அக்டோபரில் வரப்போகிறது. ஓரன் கதை அதில் முடிகிறதாம். ஸ்டமாட்டிஸோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். புற்றுநோய், முற்றிவிட்டது.

வினை அங்கேதான் முளைத்தது. இந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் அவன் லெஃப்டெரிஸுக்குப் போன் போட்டு, "டேய்! ஓரன் நல்லவன்டா! எட்டாம் பாகத்துல அப்படித்தான் வருதாம். எவாந்தியாவே இங்க வந்து சொன்னா. நான் ஜெயிச்சிட்டேன்டா!" என்று கத்தியிருக்கிறான்.

வெளிவராத கேம் அவளுக்கு எப்படித் தெரியும்? அதைக் கிரேக்க மொழிக்கு மாற்றும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.

"அவன்கிட்ட போய்ச் சொன்னியா, இல்லையா?" என்றான் லெஃப்டெரிஸ்.

"சொன்னேன்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா உன் சீட்டைக் கிழிச்சிடுவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

"முடிவு தெரிஞ்சு விளையாடறது எச்சில் தட்டுல சாப்பிடற மாதிரி!" என்று சிடுசிடுத்தாள் ஃபோட்டினி. நேற்று லெஃப்டெரிஸைக் குடைந்து அந்த முடிவைக் கறந்தவளே அவள்தான்.

"நம்மளை விடு" என்றான் லெஃப்டெரிஸ். "அக்டோபர்ல தன் கையால விளையாடிப் பார்க்கணும்னுதானே அவன் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான்? அந்த ஒரு ஆசையிலயும் மண்ணைப் போட்டுட்டியே! நல்லா இருப்பியா நீ?"

எவாந்தியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"ஒரு மன்னிப்பாவது கேளேன்டி."

"கேட்க ஒண்ணுமில்லை." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"திமிரைப் பார்த்தியா!" என்றது மாடி.

ஆகஸ்டில் ஸ்டமாட்டிஸ் போய்ச் சேர்ந்தான். கடைசி வரைக்கும் நர்ஸைக்கூட விடவில்லையாம். ஓரன் எப்படி அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றினான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம். அடக்கத்தின்போது எவாந்தியா பின்னால் தனியாக நின்றாள். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒருத்தரும் அவள் பக்கம் போகவில்லை.

அக்டோபரில் கேம் வந்தது. லெஃப்டெரிஸ் வீட்டில் கூடி, ஸ்டமாட்டிஸ் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு மிடறு சிப்புரோ சாராயம் குடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். மாற்றி மாற்றி விளையாடி, ஒருவழியாகக் கோட்டை வாசல் கட்டம் வந்தது.

"இதோ, இப்ப குழந்தைங்க வரும் பாரு" என்றாள் ஃபோட்டினி. கண்ணில் அதற்குள் தண்ணீர்.

திரையில் ஓரன் கதவைத் திறந்தான். எதிரித் தளபதி ஒரு பையை வீசினான். ஓரன் அதை ஏந்திப் பிடித்தான், திறந்து பார்த்தான், உள்ளே பொன். மடியில் கட்டிக்கொண்டு, அழுகிற குழந்தைகளைத் தாண்டி அவன்பாட்டுக்கு நடந்து போய்விட்டான்.

லெஃப்டெரிஸ் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"இது... எவாந்தியா எப்பவும் சொல்ற கதையாச்சே" என்றாள் ஃபோட்டினி, மெதுவாக.

லெஃப்டெரிஸ் போனை எடுத்தான். மறுமுனையில் அவள் குரல் கேட்டதும் படபடவென்று கொட்டினான்.

"எவாந்தியா... ஓரன் துரோகிதான்டி. நீதான் ஜெயிச்சிருக்கே. அப்போ நீ எந்த ரகசியத்தையும் வெளியே விடவே இல்லை! அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்ககிட்ட சொன்னா அவன் காதுக்குப் போகாம இருக்குமா?" என்றாள். பிறகு, "அவன் அம்மா இன்னமும் 'என் பையன்தான் ஜெயிச்சான்'னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க, லெஃப்டெரிஸ். தயவுசெஞ்சு அவங்ககிட்ட மட்டும் முடிவைப் போட்டு உடைச்சிடாதீங்கடா."