கண்டு போடாத எருமை

கத்தி இறங்கியதும் ஹஸீனா முதலில் தன் கையைத்தான் சந்தேகித்தாள்.

தட்டில் எருமையின் சூலகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. முழுதாக இருந்தபோது ஒரு நாவற்பழமளவுதான். வெட்டிய முகத்தில், ஓரமாக, அரிசிக் குறுணி போல ஒரு வெள்ளைப் புள்ளி.

அது அங்கே இருக்கக் கூடாது.

கன்றைச் சுமக்கும் காலம் முழுக்கச் சூலகத்தில் ஒரு மஞ்சள் கட்டி இருந்து கர்ப்பத்தைக் காக்கும். கன்று பிறந்ததும் அது சுருங்கி, வெளுத்து, தழும்பாகிவிடும். பிறகு எருமை சாகும்வரை அந்த இடத்தை விட்டுப் போகாது.

இதுவோ மலட்டெருமை.

காலையில் ஏறாவூர் இறைச்சிக்கடை அசனார் காக்கா வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"நீங்க தேடின சாமான் கிடைச்சிட்டு, மகள். ஒரு கண்டும் போடாத எருமை. நம்மட அன்னப்பூரணியப் போல."

ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவும் அன்னப்பூரணி விடவில்லை.

"எருமைக்குக் கொம்பிருந்திச்சி, காக்கா. எனக்கும் இருந்திருந்தா முதல் குத்து உங்களுக்குத்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹஸீனாவும் சிரித்தாள். அன்னப்பூரணி தன்னைத்தானே வைத்துச் சிரிப்பு மூட்டுகிறவள். வவுணதீவுப் பாலத்துச் சென்றிச் சாவடியில் சோதிக்கும் ஆமிக்காரன் தினமும் அவளிடம் "அம்மா, பிள்ளே இருக்கா?" என்று கேட்பதையும், "இல்ல ஐயா, எருமைதான் இருக்கு" என்று தான் பதில் சொல்வதையும் வந்து நடித்துக் காட்டுவாள்.

ஈன்ற எருமையின் சூலகத்தையும் ஈனாத எருமையின் சூலகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஹஸீனாவின் ஆய்வு. ஈன்றவை போதிய அளவு கிடைத்துவிட்டன. சண்டைக்குள், மேற்கே படுவான்கரையிலிருந்து எருமைகள் வாவியைக் கடந்து வருவதே அரிது. அதில் மலட்டெருமைக்கு எங்கே போவது? இந்த ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். பழைய நீர்க்கட்டியாக இருக்கலாம் என்று நினைத்தாள். வெட்டியது பிழையாக இருக்கலாம் என்றும் நினைத்தாள். இன்னொரு மெல்லிய துண்டு சீவினாள். கத்தி நுனியால் தொட்டாள். கெட்டியாக இருந்தது.

தழும்புதான்.

"அக்கா, இது மலடு இல்ல. அசனார் காக்காவுக்கு வித்தவன் பொய் சொல்லியிரிக்கான்."

அன்னப்பூரணி வீட்டுக்குப் புறப்படும் நேரம். சென்றி மூடுமுன் பாலத்தைக் கடக்க வேண்டும். ஆனாலும் கையைத் துடைக்காமலே வந்து தட்டின் மேல் குனிந்தாள்.

"எது, மிஸ்?"

ஹஸீனா காட்டினாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். கண்டு செத்தாலும் சரி, காணாமப் போனாலும் சரி, இது போகாது."

அன்னப்பூரணி நிமிரவில்லை. போமலின் வாடைக்குக் கண் கலங்குவது அந்த அறையில் புதிதல்ல. அதனால் ஹஸீனா முதலில் கவனிக்கவில்லை.

"ஆக்களுக்கும் இப்பிடித்தானா, புள்ள?"

இத்தனை நாளும் மிஸ் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஹஸீனா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"படம், உடுப்பு, பள்ளிக்கூடக் கொப்பி, எல்லாத்தையும் ஆமிக்குப் பயந்து நானே அடுப்பில வெச்சன்." அன்னப்பூரணி தழும்போடு பேசுவது போலப் பேசினாள். "இயக்கத்துக்குப் போனவன். கதிரவெளிப் பக்கம் நிண்டானாம். மறுகா வரல்ல. அப்பிடி ஒருத்தன் இருந்தானெண்டதுக்கு இப்ப ஒண்டும் இல்ல."

ஹஸீனாவின் கூடப்பிறந்த மூத்த காக்காவும் வரவில்லை. துவக்கோடு வந்த இயக்கப் பொடியன்கள் அவரை வீட்டு வாசலிலிருந்து கூட்டிப்போனார்கள். அதில் ஒருவன் இவளுடைய மகனாகக்கூட இருக்கலாம்.

காக்காவின் கதை அன்னப்பூரணிக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

தட்டுக்கு அந்தப் பக்கம் சவர்க்கார நுரை காயாத இரண்டு கைகள். கேட்டுவிட்டு அப்படியே நின்றன.

உறுதியில்லாத எதையும் ஹஸீனா வாயால் சொல்வதில்லை. 'இருக்கலாம்' என்று முடியாத வசனம் ஒன்றாவது எழுதேன் என்று பேராசிரியர் அவளைக் கேலி செய்வார்.

"ஓம் அக்கா," என்றாள். "ஆக்களுக்கும் அப்பிடித்தான். சாகுமட்டும் இருக்கும்."

அன்னப்பூரணி தலையை ஆட்டினாள். தட்டை ஒருமுறை விரல் நுனியால் தொட்டாள். பிறகு சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு போனவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"அப்ப நாளைக்கும் சென்றியில இல்லையெண்டே சொல்லுவன், புள்ள."

அவள் போனபின் ஹஸீனா சூலகத்தின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் போத்தலுக்குள் இட்டாள். காலையில் அவசரப்பட்டு அதன்மேல் ஒட்டிவைத்த 'மலடு' என்ற காகிதத் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

அலுமாரியில் அந்தத் தடித்த உடற்கூற்றியல் புத்தகம் இருந்தது. அதை அவள் எடுத்துப் பார்க்கவில்லை. மனிதப் பெண்ணைப் பற்றிய வரி அவளுக்கு மனப்பாடம். பிள்ளை பிறந்தபின் அந்தத் தழும்பு காலப்போக்கில் கரைந்துபோகும். ஒரு தடயமும் மிஞ்சாது.