கையளித்த பின்பே விற்பனை

வீடு கட்டி விற்கும் எங்கள் கொழும்பு வெள்ளவத்தைக் கம்பனியின் கணக்கீட்டுக் கொள்கை இது: முழுப்பணமும் கட்டினாலும், வாங்கியவரின் கையில் சாவியைக் கொடுத்த பின்புதான் வீடு விற்றதாகும்.

குணசீலன் ஒரு வீட்டுக்கு முழுப்பணமும் கட்டிய மாதமே, யாரோ அவரை வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; அவர் திரும்பவேயில்லை. மனைவி பத்மாவதி சாவியை வாங்க மறுத்தார். "அவர் வந்து வாங்கட்டும், தம்பி."

அதனால் ஒவ்வோர் அரையாண்டுக் கணக்கிலும் அந்த வீடு விற்காமலே நின்றது.

இம்முறை சாவிகளோடு விற்காத வீடுகளைச் சரிபார்க்கப் போனேன். பூட்டியிருந்த அந்தக் கதவு உள்ளிருந்து சற்றுத் திறந்தது. ஒரு கை நீண்டது. ஒப்பந்தத்தில் குணசீலன் கையெழுத்திட்ட அன்று நான் பார்த்த அதே பச்சைக்கல் மோதிரம். கொள்கைப்படி சாவியை உள்ளங்கையில் வைத்தேன். கதவு மூடிக்கொண்டது.

மாலையில் பத்மாவதியிடம் போனேன். "அக்கா, சாவியைக் கையளிச்சிட்டன்."

யாருக்கென்று அவர் கேட்கவில்லை.

"கை சூடா இருந்ததோ, தம்பி?" என்றார்.