அழித்த வார்த்தை

கணினித் திரையில் நடப்பதைப் படம்பிடிக்கும் மூன்று மென்பொருள்களில் எதை வாங்கலாம் என்று தணிகைவேல் சொல்ல வேண்டும். மூன்றையும் ஒன்றாக ஓடவிட்டு, தன் விடுப்புக் கடிதத்தை டைப் செய்தான். அழித்த வார்த்தை அழிந்தே போய்விடும் என்ற நினைப்பில், பதிவுகளை மேலாளர் செண்பகவல்லிக்கு அப்படியே போட்டுக் காட்டினான். முதலாவதில் எழுத்தே கலங்கலாக இருந்தது. இரண்டாவது 'ராட்' வரை வந்து உறைந்துவிட்டது. மூன்றாவதில், 'ராட்சசிக்கு' என்று அடித்து, அழித்து, 'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு' என்று மாற்றியது பளிச்சென்று தெரிந்தது.

அவர் அந்த இடத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "ஒரு எழுத்துகூட விடலையே. இதையே வாங்கிடுங்க."

"லீவு, மேடம்?"

மறுபடி ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "புதுசா ஒரு லெட்டர் அடிங்க, பாக்கலாம்."

அவன் விரல் தானாக 'ரா'வை நோக்கிப் போனது.