நாலாவது சிவப்பு

தப்பித்து ஓடப் பார்க்கிறவர்கள் மொத்தம் நாலு பேர் என்று திரை சொன்னது. நாலு பெயரும் ரத்தச் சிவப்பு. நாலாவது பெயர் அவனுடையது.

கல்லூரி லேபில் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்ப்பதற்குள் மானிட்டரைச் சட்டென்று திருப்பினான். தன் கையால் எழுதிய ப்ரோக்ராம் தன்னையே போட்டுக்கொடுக்கிறது.

முப்பத்தெட்டு வயதில் படிக்கப் போனதால் ஆபீசில் எல்லாருக்கும் அவன் ‘ஸ்டூடண்ட்’. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற முதுகலைப் படிப்பு. பாதி கம்ப்யூட்டர் சயின்ஸ், பாதி பிசினஸ் மேனேஜ்மென்ட். ஃபீஸைக் கம்பெனி கட்டுகிறது. பதிலுக்கு, பட்டம் வாங்கியபின் மூன்று வருஷம் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

படித்தால் பதவி வரும், பதவி வந்தால் குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்பது அன்றைய கணக்கு. பதவி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. வேறு ஊரில் பள்ளிக்கூட வேலையில் இருக்கும் மனைவியையும் அவளோடு இருக்கும் மகளையும் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு, பையைப் பிரிப்பதற்குள் திரும்புகிற பிழைப்பு.

இப்போது அந்த ஊரிலேயே அவனுக்கு ஒரு வேலை கனிந்திருந்தது. “ஒண்ணாந்தேதிக்குள்ள சேரணுமாம். எப்பதான் வரப்போறீங்க?” என்று மனைவி கேட்டாள். மேனேஜர் நல்ல மூடில் இருக்கும்போது கெஞ்சிக் கூத்தாடிப் பார்க்கிறேன் என்றான். அவருடைய நல்ல மூடு லேசில் கிடைக்கிற சரக்கல்ல.

அந்த மேனேஜர்தான் இந்த ப்ராஜெக்டையே கொடுத்தவர். வேலையை விட்டுப் போகிற யோசனையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். எடுத்த லீவு, வராத பதவி உயர்வு, குடும்பம் இருக்கும் ஊர், சம்பளச் சீட்டை எத்தனை தடவை டவுன்லோடு செய்தார்கள் என்பது வரை சகல விவரமும் கொடுத்தார்.

“ஆளைக் கேட்டா உண்மை வராது ஸ்டூடண்ட். உங்க ப்ரோக்ராம் சொல்றதைத்தான் நம்பப்போறேன். சிவப்பு நிறைய வந்தாலும் பரவாயில்ல, குறைச்சு மட்டும் காட்டிடாதீங்க.”

அவர் கையெழுத்துப் போட்டால்தான் ப்ராஜெக்டுக்கு மார்க். அவன் பெயரைச் சிவப்பில் பார்த்தால் என்ன செய்வார்? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால் கோடிப் புண்ணியம். தள்ள மாட்டார். எழுதிக் கொடுத்ததை எடுத்து நீட்டி, மூன்று வருஷத்தையும் கோடவுனில் கழிக்கச் சொல்வார்.

தன் விவரங்களில் தானே கை வைத்தான். போன மாதம் மூன்று தடவை டவுன்லோடு செய்த சம்பளச் சீட்டு, செய்யாததாகிவிட்டது. இன்டர்வியூவுக்காக வந்த காய்ச்சல்கள் எல்லாம் குணமாகிவிட்டன. கடைசியாக, மனைவியையும் மகளையும் இந்த ஊருக்குக் குடிமாற்றினான். ரெண்டு வருஷமாக முடியாத காரியம் ரெண்டு விரலில் முடிந்தது. பெயர் கரும்பச்சையாக மாறியது.

மிச்சம் இருந்த மூன்று சிவப்பில் ஒன்று ஆபீசில் பக்கத்து சீட்டு ‘ரேடியோ’வுடையது. வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர். அவரையும் காப்பாற்றலாமா என்று விரல் பரபரத்தது. எல்லாமே பச்சையாக இருந்தால் சந்தேகம் வரும் என்று விட்டுவிட்டான்.

திங்கட்கிழமை திரையைப் பார்த்த மேனேஜர், “மூணுதானா?” என்று மட்டும் கேட்டார். முகம் கொஞ்சம் தொங்கிப்போனது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை மூன்று பேரையும் ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டார். ஸ்டூடண்ட் தலையைத் தூக்கவே இல்லை. மூன்று பேரையும் மாட்டிவிட்டோமே என்று மனசு உறுத்தியது. நல்லவேளை நாம் தப்பித்தோம் என்றும் அதே மனசுதான் சொன்னது.

மதியத்துக்கு மேல் கடைசியாக ரேடியோ வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. டிராயரைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

“என்னை மன்னிச்சிடுங்கண்ணே,” என்றான்.

“மன்னிப்பா? உன் கால்ல விழணும்போல இருக்கு தம்பி.” ரேடியோ மூக்கை உறிஞ்சினார். “மேலிடத்துல ஆள் குறைக்கச் சொல்லிட்டாங்களாம். இருக்கறவன் வயித்துல அடிக்காம, போகத் துடிக்கிறவனை விட்டுடலாம்னு மேனேஜர் முடிவு பண்ணியிருக்கார். எழுதிக் கொடுத்ததெல்லாம் ரத்து. கூட ஆறு மாசச் சம்பளம்.”

ஸ்டூடண்ட் கதவைத் தட்டக்கூட இல்லை. நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றான்.

“சார், நானும் போகணும். ரெண்டு வருஷமா போகணும்னுதான் துடிச்சிட்டிருக்கேன்.” பச்சையாக்கியது நான்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ப்ராஜெக்டும் போச்சு, பட்டமும் போச்சு. விழுங்கினான். “என் குடும்பமே அங்கதான் சார் இருக்கு.”

மேனேஜர் அன்றைக்குப் பார்த்து நல்ல மூடில் இருந்தார். ஆறு மாசச் சம்பளம் என்று காதில் விழுந்ததிலிருந்து பாதி ஆபீஸ் இதே பாட்டைப் பாடிவிட்டுப் போயிருக்கிறது என்றார். திரையில் அவன் பெயரைத் தட்டி, அவன் விவரங்களை ஒரு முறை படித்தார். பிறகு எழுந்து வந்து, வாஞ்சையாகத் தோளில் கை போட்டார்.

“நீங்களாவது பொய் சொல்லாதீங்க, ஸ்டூடண்ட்.”